பத்து விநாடி மௌனம்

அந்த வீட்டை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே பின்னறைதான்.

மருத்துவமனையிலிருந்து நடந்துபோகிற தூரம், கீழ்த்தளம், முன்கூடம், படுக்கையறை, சமையலறை. எல்லாம் வசதிதான். ஆனால் சமையலறையைத் தாண்டி ஒரு குறுகலான நடை இருந்தது. அதன் முடிவில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதன் கதவைச் சாத்தியதும் தெருவில் போய்க்கொண்டிருந்த லாரியின் சத்தம் கத்தரித்தாற்போல நின்றது. அவள் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தாள். எதிரொலி இல்லை. தட்டிய சத்தம் எங்கேயோ உறிஞ்சப்பட்டுவிட்டது.

"இந்த ரூம்ல சத்தமே வராதும்மா" என்றாள் மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள், அறையின் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றபடி. "எதுக்கு வேணும்?"

"வீடியோ எடுக்கணும். அவர் பாடம் நடத்துறதை."

"பேசுற வீடியோவா?"

"ஆமா."

வீட்டுக்கார அம்மாள் ஏதோ சொல்ல வந்தவள் போல உதட்டைப் பிரித்தாள். பிறகு சாவியை அவள் கையில் வைத்துவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.

அவள் கணவர் இருபத்திரண்டு வருடங்களாகத் தொழிற்கல்லூரி ஒன்றில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுப்பவர். கணினியில் வீடு வரையக் கற்றுக்கொடுத்தாலும் சட்டைப்பையில் ஒரு ஆறங்குல ஸ்கேல் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். மாணவர்களுக்கு அவர் ஸ்கேல் சார். மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரை போகிற குரல். அந்தக் குரல் பிறக்கிற குரல்வளையில்தான் கட்டி வந்திருந்தது. குடிவந்த ஒன்பதாம் நாள் அறுவை. உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

கல்லூரி முதல்வர் நல்ல மனிதர். "பாடம் பூராவையும் முன்னாடியே பதிவு பண்ணிக் குடுத்துடுங்க. வகுப்புல வீடியோ ஓடட்டும். நீங்க கூட உக்காந்து சந்தேகத்தை எழுதிக் காட்டுங்க. வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். மொத்தம் இருபத்துநாலு பாடங்கள்.

அவளோ ஒரு காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். கண்ணாடிக் கூண்டுக்குள் நோயாளியை உட்காரவைத்து, வெளியே இருந்து மெல்லிய சத்தங்களை அனுப்புவாள். இருபது வருடம் அதையே செய்து செய்து, பக்கத்து வீட்டில் பல்லி நகர்ந்தாலும் கேட்கிற காது. அவர் அவளைக் கூப்பிடுவதே 'காதம்மா' என்றுதான்.

முதல் நாள் காலை மேஜையைப் பின்னறையில் போட்டார்கள். லேப்டாப்பின் தலையில் வெப்கேமைக் கவ்வவைத்தாள். பதிவில் திரை முழுக்க வரைபடம் இருக்கும், வலது மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் அவர் முகம் தெரியும். மைக்கைத் தாங்கியில் மாட்டி, அதன் மேல் கறுப்புப் பஞ்சுக் குல்லாயைச் சொருகினாள்.

"ஒரு சாண் தள்ளி உக்காருங்க. ரொம்பக் கிட்ட வந்தா மூச்சுதான் விழும்."

"மூச்சையும் சேர்த்துப் பிடிச்சு வெச்சுக்கோ காதம்மா. பின்னாடி உதவும்."

அவர் சிரித்தார். கரகரவென்று, மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பது போல. அவள் சிரிக்கவில்லை.

எந்த அறைக்கும் தனக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. விளக்கின் ரீங்காரம், லேப்டாப்பின் காற்றாடி. முதலில் பத்து விநாடி மௌனத்தைப் பதிவு செய்தால், அந்த இரைச்சல் இன்னதென்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். பிறகு எல்லாப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும்.

"பத்து விநாடி. ரெண்டு பேரும் மூச்சுக்கூட விடக் கூடாது" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு திரையின் அடியில் அசையாமல் படுத்திருந்தது.

நாலாவது விநாடியில் அது எழுந்தது.

தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. இரைச்சல் அப்படி ஏறி இறங்காது. பேச்சுதான் அப்படி ஏறி இறங்கும்.

"நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். ஈர உதடுகள் ஒட்டிப் பிரிகிற சத்தம். வார்த்தை இல்லை. 'ப்... ம்... ப்...' என்று, ஒரு வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. வயரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். வேறு வயரை மாற்றி மறுபடி பத்து விநாடி எடுத்தாள். இந்தமுறை கோடு படுத்தே கிடந்தது.

ஒலியும் படமும் பொருந்துவதற்காக ஒருமுறை கைதட்டினாள். அவர் பாடத்தை ஆரம்பித்தார்.

முதல் மூன்று நாட்களில் ஒன்பது பாடங்கள் முடிந்தன. அவர் பேசுவார், தண்ணீர் குடிப்பார், இருமுவார், மறுபடி பேசுவார். மதியம் அவர் படுத்துக்கொண்டதும் அவள் பின்னறையில் உட்கார்ந்து இருமலை வெட்டியெடுப்பாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில், அரை விநாடி பிந்தி, இன்னொரு முனகல் தொடர்ந்து வந்தது. 'சுவரை முதல்ல போடணும்' என்று அவர் சொன்னால், பின்னாலேயே 'வ்வ்... ம்ம... ப்போ...' என்று. எதிரொலி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சுவர் முழுக்கப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். தரையில் ஜமுக்காளம் விரித்தாள். முனகல் போகவில்லை.

எதிரொலி பேசியதை அப்படியே திருப்பித் தரும். இது திருப்பித் தரவில்லை. தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்தது. அடுத்த பாடத்தில் தப்பைக் கொஞ்சம் திருத்திக்கொண்டது.

நாலாம் நாள் காலையிலிருந்து அவர் குரல் கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அவளுக்கே பாதிதான் கேட்டது. பதிவு எதற்கும் உதவாது என்று பயந்துகொண்டேதான் ஹெட்போனை மாட்டினாள்.

குரல் கணீரென்று இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய குரல். கடைசி பெஞ்சு வரை போகிற அதே குரல்.

ஆனால் வாய் பொருந்தவில்லை. ஒலி முந்தி வந்தது, உதடு பிந்தி அசைந்தது. அரை விநாடி தள்ளிப் பார்த்தாள். கால் விநாடி இழுத்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் பொருந்தினால் அடுத்த இடத்தில் விலகியது. பதினோராம் நிமிடத்தில் அவள் கை மவுஸின் மேல் உறைந்தது. மூலையிலிருந்த வட்டத்தில் அவர் டம்ளரை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்கியது.

காதில் அவர் குரல் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது.

"அடுத்து கதவு. கதவு உள்பக்கமாத் திறக்கணுமா, வெளிப்பக்கமாவான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கணும்."

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று லேப்டாப்பை மூடினாள்.

"நல்லா வந்திருக்கா?" என்று கதவருகே நின்று கிசுகிசுத்தார் அவர்.

"நல்லா வந்திருக்குங்க."

அவர் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் எல்லாச் சாமான்களையும் முன்கூடத்துக்கு மாற்றிப் பார்த்தாள். "அங்கே புழுக்கமா இருக்கு" என்று ஒரு பொய் சொன்னாள். வெளியே ஹாரன், லாரி, யாரோ கதவை இடிக்கிற சத்தம். அவர் நரம்பு புடைக்கப் பேசியும் அந்தச் சத்தங்களுக்கு மேல் பச்சைக் கோடு ஒரு நூல்கூட எழவில்லை. ஒரு மணி நேரம் போராடிவிட்டு அவரே மைக் தாங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்தார்.

அன்று மதியம் அவள் மாடிக்குப் போனாள். வீட்டுக்கார அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னறையில முன்னாடி யாரும்மா இருந்தாங்க?"

வீட்டுக்கார அம்மாள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"எங்க அக்கா. பிறவியிலேயே பேச்சு கிடையாது. காது நல்லாக் கேக்கும். வீட்டுக்கு ஆள் வந்தா எங்கப்பா அவளை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்திடுவார். அவமானமாம். அப்புறம் ஆள் வந்தாலும் வரலைன்னாலும் கதவு சாத்தியே கிடந்தது. முப்பத்தோரு வருஷம்."

"யாரும் அவங்ககிட்ட பேசவே இல்லையா?"

"சோத்தை வெச்சுட்டு வந்துடுவோம். பேசி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டோம். யாராவது வாயைத் திறந்தா போதும், மூஞ்சிக்குக் கிட்ட வந்து உதட்டையே பார்ப்பா. மூச்சுப் படுற தூரத்துல." மடித்த துணியை மறுபடி உதறிப் பிரித்தாள். "நான் சின்னவ. எனக்குப் பயமா இருக்கும். அதனால அந்த ரூமுக்குப் போனா வாயையே திறக்க மாட்டேன்."

"அவங்க போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"பன்னெண்டு வருஷம். இப்பவும் அந்த ரூம்ல நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் படியிறங்கி வந்தாள். இருபது வருடமாகக் காது கேட்காதவர்களைப் பார்த்தவள். காது கேட்டும் யாரும் தன்னிடம் பேசாமல் கிடந்த ஒருத்தியை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறாள். பின்னறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அவர் அடுத்த பாடத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

கிசுகிசுப்பாக ஒரு குரல்.

அதன் மேல், தெளிவாக, இன்னொன்று.

ஆறாம் நாள் வெப்கேமும் காட்டிக்கொடுத்தது. அது எதிரில் இருக்கிற முகத்தைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும் வகை. அவர் படிக்கட்டு வரையும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தின் மேல் ஒரு கட்டம் இருந்தது.

இன்னொரு கட்டம் தோன்றியது.

அவர் கன்னத்தை ஒட்டி, வெறும் காற்றில். மெல்ல நகர்ந்து அவர் வாய்க்கு நேராக வந்து நின்றது. கேமரா தடுமாறியது. அவர் முகம் கலங்கி மங்கலாகப் போனது. அவர் வாய்க்கு முன்னால் ஒன்றுமே இல்லாத இடம் துல்லியமாகத் தெரிந்தது.

"என்ன காதம்மா, படம் சரியா விழுதா?"

"நிறுத்திடலாங்க." அவள் பதிவை நிறுத்தினாள். "போதும். பதினெட்டு ஆச்சு. போதும்."

அவர் ஹெட்போனைக் கையில் எடுத்தார். அதை உருட்டிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகக் கிசுகிசுத்தார்.

"நேத்து நீ மாடிக்குப் போனப்ப நானும் இதை மாட்டிக் கேட்டேன். எனக்கும் தெரியும்."

அவள் அவர் கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தாள்.

"யாரோ, எதுவோ. என்னைவிட நல்லா நடத்துது. ஒரு இடத்துலகூடத் தப்பில்லை." அவர் மூச்சு வாங்கினார். "அது பேசினாப் பேசிட்டுப் போகட்டும். இன்னும் மூணு நாள்ல நானே குப்பையில போடப்போற குரல்தானே."

"அப்படிச் சொல்லாதீங்க."

"பாடம் முடியணும். எனக்கு வேலை வேணும். வீட்டுல ஊமையா உக்காந்திருக்க என்னால முடியாது."

அவள் மறுபடி பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் இருபத்துநாலாவது பாடமும் முடிந்தது. முப்பத்தெட்டு நிமிடம், ஓரிடத்திலும் பிசிறு இல்லை. மைக்கை அணைத்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்திலிருந்த தாளை இழுத்து எழுதினார்.

'இந்தப் பாடத்தில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.'

மறுநாள் காலை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அவள் படுக்கையறையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஒன்பது நாளில் அவர் தன்னிடம் கடைசியாக என்ன சொல்லப்போகிறார் என்றுதான் உள்ளுக்குள் காத்துக்கொண்டே இருந்தாள். கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்போது நடைப்பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"காதம்மா. பயப்படாதே. எல்லாம் சரியாயிடும். நான் எங்கேயும் போகலை."

அவள் கண்ணில் நீர் முட்டியது. இது போதும் என்று நினைத்தாள். ஆயுசுக்கும் இது போதும். முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கி வாசலுக்கு வந்தாள்.

அவர் வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில், ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். வெகு நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஓட்டுநர் சலித்துக்கொண்டார். கிட்டே போனதும் அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. இரவோடு இரவாகக் குரல் முழுக்கப் போயிருந்தது.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டபோது, தனக்கே நினைவில்லை என்று எழுதிக் காட்டினார்.

பதினாறு நாள் கழித்து, கழுத்தில் ஒரு துளையோடும் கையில் ஒரு சின்ன நோட்டோடும் அவர் வீடு திரும்பினார். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். இரண்டாம் நாள் மதியம் அவள் அவருக்குக் குழாய் வழியே ஆகாரம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"காதம்மா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காதம்மா, இங்கே வாயேன்."

பின்னறையிலிருந்து வந்தது. மைக்கும் வெப்கேமும் வயரெல்லாம் பிடுங்கப்பட்டு மேஜையில் கிடந்தன. லேப்டாப் இந்த அறையில் இருந்தது.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நோட்டை எடுத்து எழுதினார். 'என் குரல் நன்றாகத்தானே இருந்தது?'

அதற்குப் பிறகு தினமும் மதியத்தில் அது கூப்பிட்டது. முதலில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். நாலைந்து நாளில் பொத்துவதை விட்டாள். அவர் தூங்கியதும் நடையில் போய், சாத்திய கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அது பாடத்திலிருந்து எடுத்த வார்த்தைகளைக் கோத்து என்னென்னவோ பேசியது. சுவர், ஜன்னல், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும். அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் குரல்.

ஒருநாள் கட்டில் சட்டத்தில் வேகமாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினாள். நோட்டில் பெரிய எழுத்தில் இருந்தது. 'அங்கே போகாதே.'

அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக ஏறின. அவள் திரும்பி நடந்தாள். பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். இருட்டில் போர்வைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடைத்த மூச்சின் புளித்த வாடை அடித்தது.

"போதும்! அவர் குரலைக் குடுத்துடு. உனக்கு யாரும் பேசலைன்னா அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? எங்களை விட்டுடு!"

இன்னும் என்னவெல்லாமோ கத்தினாள். திட்டினாள். கெஞ்சினாள். தொண்டை வறண்டு நின்றபோதுதான் முகத்துக்கு வெகு அருகில், உதட்டின் மேல், சன்னமான ஒரு சூடு படுவதை உணர்ந்தாள்.

மூச்சுப் படுற தூரம்.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். மைக், வெப்கேம், போர்வைகள் எதையும் எடுக்கவில்லை. புது வீடு மூன்றாவது மாடியில். எல்லா அறையிலும் ஜன்னல், நாளெல்லாம் தெருச் சத்தம். அவள் பழையபடி வேலைக்குப் போனாள். அவர் கல்லூரிக்குப் போனார். திரையில் அந்தக் குரல் பாடம் நடத்தும்போது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாடம் முடிந்ததும் மாணவர்கள் கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினார். 'எல்லாரும் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.' மறுநாளிலிருந்து அவர் கல்லூரிக்குப் போகவில்லை. முதல்வரும் வற்புறுத்தவில்லை. பாடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே.

மாதங்கள் போயின. புது வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அவள் மெல்ல மெல்ல அதை நம்பத் தொடங்கினாள்.

ஒருநாள் வேலை முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. அவர் கூடத்துத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கழுத்துத் துளை வழியாக மூச்சு விசில் போல இரைந்தது. அவளைப் பார்த்ததும் பதறிப்போய், உள்ளறையை ஒருமுறையும் வாசலை ஒருமுறையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை நீட்டினார்.

'எங்கே போயிருந்தாய்? காலையிலிருந்து உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். ஏன் அழுதுகொண்டே கூப்பிட்டாய்?'

அவள் அதை இரண்டுமுறை படித்தாள். கைப்பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் கூப்பிடலைங்க என்று சொல்வதற்காக வாயைத் திறந்தாள்.

"நான் கூப்பிடலைங்க" என்றது உள்ளறையிலிருந்து அவள் குரல்.